பேசாமல் உட்கார வந்தவள்

பள்ளத்தூர்
5 ஏப்ரல் 2024

யூஜினியாவுக்கு,

மடத்தில் உனக்கு வைத்த பெயரை எழுத என் கை ஒத்துக்கொள்ளவில்லை. சிஸ்டர் மேரி ஆக்னஸ் யாரோ எவரோ. என் தங்கைக்கு அப்பா வைத்த பெயர் யூஜினியா. இந்தக் கடிதம் அவளுக்குத்தான்.

திங்கட்கிழமை அம்மாவுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்தது. முடிந்த கையோடு ஈஸ்டர் பலகாரத்தையும் கட்டிக்கொண்டு நாச்சியாபுரம் வந்தேன். நீங்கள் எல்லாரும் தியானத்தில் இருந்தீர்களாம். உங்கள் மதர்தான் கம்பிக் கிராதிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். பாவம், நல்ல மனுஷி. என்னை அழவைக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

"அம்மாவுக்கு முடியலைன்னு நீங்க போன் பண்ணுன அன்னைக்கே அனுமதி குடுத்துட்டோம்மா. காரும் சொல்லியாச்சு. அவதான் போகலைன்னுட்டா. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அடைமடம், பெற்ற தாய் செத்தாலும் வெளியே விடமாட்டார்கள், அவள் என்ன செய்வாள் என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் உனக்காக வாதாடியவள் நான். கடைசி வாரத்தில் அம்மாவுக்குப் பேச்சு குழறிவிட்டது. ஒரே ஒரு கேள்விதான் தெளிவாக வரும். "சின்னவ வந்துட்டாளா?" நான் ஒவ்வொரு முறையும் "காரைக்குடி தாண்டிட்டாளாம்மா, இந்தா வந்துருவா" என்பேன். பக்கவாதத்தில் கிடந்த மூன்று வருஷமும் மலம் அள்ளியவள் நான். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே செத்தது உனக்காக.

உங்கள் வாசலில் போர்டு பார்த்தேன். பார்வையாளர் நேரம் ஞாயிறு நாலு முதல் ஐந்து. அதே நேரத்தில்தான் உங்களுக்கு ரிக்ரியேஷனாம். வாரம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள் தோட்டத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசுகிற ஒரே ஒரு மணி நேரம். கூடப் பிறந்தவர்கள் பார்க்க வந்தால் அதை விட்டுவிட்டு வந்து உட்கார வேண்டும், முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பக்கூடாது என்பது உங்கள் வழக்கமாம். மதர் பெருமையாகச் சொன்னார்.

இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வருவேன். பேச வரவில்லை. அந்த ஒரு மணி நேரத்தை உன்னிடமிருந்து எடுத்துக்கொள்ள வருகிறேன்.

மரிய அனிதா

*

நாச்சியாபுரம்
7 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் உன்னோடு இருப்பாராக. எல்லாக் கடிதத்தையும் இப்படித் தொடங்கிப் பழகிவிட்டது. இதில் அந்த வரியை மனதார எழுதினேனா என்று கேட்காதே.

சொன்னபடியே செய்கிறாய். நாலு மணிக்கு மணி அடிக்கும்போது நீ பெஞ்சில் இருக்கிறாய். ஐந்து மணிக்கு அடிக்கும்போது எழுந்து போகிறாய். நடுவில் என் முகத்தையே பார்க்கிறாய். என்னோடு துணைக்கு உட்காருகிற சிஸ்டர் ரெஜினாவுக்கு எழுபது வயது. முதல் வாரம் உன்னோடு பேசிப் பார்த்தார், இரண்டாவது வாரம் ஜெபமாலை சொன்னார், இப்போது உட்கார்ந்தபடியே தூங்குகிறார். அவருக்கும் சேர்த்து ரிக்ரியேஷன் போகிறது. அந்த அம்மாள் உனக்கு என்ன செய்தார்?

போன வாரம் கோழி வறுவல் கொண்டுவந்தாய். நாங்கள் புலால் சாப்பிடுவதில்லை என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் தூக்குவாளியைத் திறந்து கிராதி ஓரமாக வைத்தாய். மிளகும் சோம்பும் வறுத்த அந்த வாசனை இரவு ஜெபம் வரைக்கும் என் உடுப்பிலேயே இருந்தது. நவசந்நியாசிப் பெண்கள் இரண்டு பேரும் சங்கீதம் பாடும்போது எச்சில் விழுங்கினார்கள். சிரிப்பு வந்தது, உன்மேல் ஆத்திரமும் வந்தது.

விடிவதற்கு முன்னால் எழுந்து பாடுகிறோம். காலை முழுவதும் நான் பூசைக்கு ஓஸ்தி சுடுகிற அறையில் இருக்கிறேன். மாவு கெட்டியாகிவிட்டால் அப்பம் வெடிக்கும், தண்ணீராகிவிட்டால் தட்டில் ஒட்டும். சிவகங்கை வரைக்கும் நம் பக்கத்துக் கோயில்களுக்கெல்லாம் இங்கிருந்துதான் போகிறது. மத்தியானச் சாப்பாட்டில் ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் கேட்கிறோம். இப்படியே ஆறு நாள் போய்த்தான் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. நீ எதை எடுத்துக்கொள்கிறாய் என்று உனக்கே தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கெஞ்சுவதாக நினைக்காதே.

அம்மா விஷயத்தை மட்டும் கேட்காதே. கேட்டால் சொல்லிவிடுவேன்.

யூஜினியா

*

பள்ளத்தூர்
20 மே 2024

யூஜினியாவுக்கு,

சிஸ்டர் ரெஜினாவிடம் நான் வருத்தப்பட்டதாகச் சொல். உன்னிடம் எனக்கு வருத்தம் இல்லை. கோழி நாட்டுக்கோழி. அடுத்த வாரம் அயிரை மீன் குழம்பு.

என் கணக்கைக் கெடுப்பதற்கென்று அந்த ஜன்னத்துல் பிர்தௌஸ் வந்து சேர்ந்திருக்கிறாள். பேச்சு வராத மகனைத் தூக்கிக்கொண்டு, அவனுக்காக உங்களை ஜெபிக்கச் சொல்லி வாராவாரம் வருகிறவள். போன ஞாயிறு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "என்ன டீச்சர், இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வாரீக, தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை பேசாமப் போறீக? நீங்க பேசலைன்னா நான் பேசுறேன், அவுக சும்மாதான உக்காந்திருக்காக" என்று ஆரம்பித்தாள். மலேசியாவிலிருக்கும் புருஷன், மாமியார், பையனைக் காட்டிய டாக்டர் என்று முக்கால் மணி நேரம். நீ தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாய். ஓரிடத்தில் சிரித்தாய். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வெளியே வந்ததும் அவளிடம் இனிமேல் எங்குட்டாவது தள்ளி உட்காருங்கள் என்று சொல்லிவிட்டேன். "தள்ளி உக்காந்தாலும் காது கேக்கும் டீச்சர்" என்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மதர் அழைப்பிதழ் அனுப்பியிருக்கிறார். ஆகஸ்ட் எட்டாம் தேதி சாமிநாதர் திருநாளன்று நித்திய வார்த்தைப்பாடு. சாகும்வரை இந்த மடத்தில்தான் இருப்பேன் என்று நீ சொல்லப்போகிறாய். அதற்கு முன் சிஸ்டர்கள் கூடி ஓட்டுப் போடுவார்களாமே. சம்மதம் என்றால் வெள்ளை மொச்சை, இல்லை என்றால் புளியங்கொட்டை. சிஸ்டர் ரெஜினா முதல் வாரம் பேச்சுவாக்கில் சொன்னது.

அவர்களுக்கு உன்னைப் பற்றி என்ன தெரியும்? ஓஸ்தி கருகாமல் சுடுவாள், நன்றாகப் பாடுவாள். அனுமதி கிடைத்தும் தாயின் சாவுக்குப் போகாதவள் என்று மதருக்குத் தெரியும். ஆனால் அம்மா எப்படிக் கேட்டாள் என்று தெரியாது. ஜூலையில் ஓட்டுக்கு முன்னால் நான் வந்து ஒவ்வொருத்தரிடமும் சொல்லப்போகிறேன். அந்தக் கேள்வியை அம்மா குழறிய மாதிரியே குழறிக் காட்டுவேன். பெட்டியில் எத்தனை புளியங்கொட்டை விழுகிறது என்று அப்புறம் பார்ப்போம். அம்மாவுக்குத் திறக்காத கதவு உனக்கும் மூடட்டும்.

மரிய அனிதா

*

நாச்சியாபுரம்
10 ஜூன் 2024

அக்கா,

அம்மா விஷயத்தை நீயே இழுத்துவிட்டாய். சொல்கிறேன்.

எனக்கு ஒன்பது வயதில் டைபாய்டு வந்தது உனக்கு நினைவிருக்கும். காரைக்குடியில் கைவிட்டுவிட்டார்கள் என்று அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் போனாள். பிழைத்தால் மொட்டை போடுகிறேன் என்று எல்லாரும் வேண்டுவார்கள். அம்மா, இவளையே தந்துவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். என்னை நேர்ந்துவிட்டாள். பத்து வருஷம் வெளியே சொல்லவில்லை. மதுரையில் நர்சிங் படிக்க எனக்கு இடம் கிடைத்த வாரத்தில்தான் சொன்னாள். நானாக ஆசைப்பட்டு மடத்துக்குப் போனேன் என்று உனக்குச் சொல்லியிருப்பாள். ஊருக்கும் அதைத்தான் சொன்னாள்.

நான் மாட்டேன் என்றேன். அப்போது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நேர்ச்சையை முறிச்சா மாதா சும்மா விடமாட்டாக. உன்னை விட்டுட்டுப் பெரியவளை எடுத்துக்குவாக. அப்புறம் என்னைக் கேக்காத."

நீ அப்போது பி.எட். முடித்துவிட்டு வந்திருந்தாய். நீ செத்துப்போவாய் என்று பயந்துதான் அக்கா இந்த வாசலுக்குள் வந்தேன். பத்தொன்பது வயதில் அதை நம்பினேன்.

முதல் மாதம் அம்மா பார்க்க வந்தாள். நீ இப்போது உட்காருகிற அதே பெஞ்ச், அதே ஓரம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னைக் கூட்டிட்டுப் போயிரும்மா, உன் காலைப் பிடிச்சுக்கிறேன் என்று அழுதேன். அவள் மாதா சுரூபத்தைப் பார்த்தபடி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மணி அடித்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய்விட்டாள்.

ஏப்ரலில் நீ வந்து அப்படி உட்கார்ந்தபோது அம்மாவே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. உனக்கு அம்மாவின் மூக்கு, அம்மாவின் வாய். யார் உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது என்று நினைத்தேன்.

ஆமாம், மதர் காரை வாசலில் நிறுத்தினார். நான்தான் போகவில்லை. அவளும் ஒரு முறை கேட்டுப் பார்க்கட்டும், பதில் வராமல் கிடக்கட்டும் என்றுதான் போகவில்லை. அன்று முழுக்க ஓஸ்தி சுட்டேன், ஒன்றுகூடக் கருகவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன், சாமியார் கொடுத்த தண்டனையையும் செய்தேன். துக்கம் மட்டும் வரவில்லை. இப்போதும் வரவில்லை.

வேண்டுமானால் இதையும் சேர்த்து சிஸ்டர்களிடம் சொல். நான் மறுக்கமாட்டேன்.

யூஜினியா

*

பள்ளத்தூர்
24 ஜூன் 2024

யூஜி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் நம்பவில்லை. படுக்கையில் கிடந்தவளைப் பற்றி இப்படி எழுத உனக்குக் கை கூசவில்லையா என்று திட்டினேன். பிறகு அம்மாவின் சேலைகளைத் துவைக்கப் போட எடுத்தபோது ஒன்று உறைத்தது. அம்மா உன்னைக் கேட்டாளே தவிர, உன்னைப் பற்றி மூன்று வருஷத்தில் ஒரு நல்ல வார்த்தை பேசியதில்லை. உன் பேச்சை எடுத்தாலே சுவர் பக்கம் திரும்பிக்கொள்வாள். அதை நான் பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

நீ எழுதாத ஒன்றை நான் எழுதுகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஜோசப் ராஜ் சார் என்று ஒருவர் இருந்தார். வேதியியல். வீட்டுக்கே வந்து பெண் கேட்டார். அம்மா அவருக்குக் காப்பி கொடுத்து உட்காரவைத்து, "சின்னவளை ஆண்டவருக்குக் குடுத்துட்டேன் தம்பி, பெரியவளும் போயிட்டா என்னைய யாரு பாப்பாக?" என்றாள். அப்போது அவளுக்கு ஒரு நோயும் இல்லை. அவர் இப்போது திண்டுக்கல்லில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறார். நான் உன்மேல் பொறாமைப்பட்டேன். நினைத்ததைச் செய்துகொண்டு போய்விட்டாள், நான் மாட்டிக்கொண்டேன் என்று பதினொரு வருஷம் உன்னை மனதுக்குள் சபித்திருக்கிறேன். என்னைக் காட்டிப் பயமுறுத்தி உன்னை உள்ளே தள்ளினாள், உன்னைக் காட்டியே என்னை வீட்டில் கட்டிப்போட்டாள். ஒரு நேர்ச்சைக்கு இரண்டு பெண்கள். கெட்டிக்காரி.

எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு ஆள் இல்லை, மண்ணுக்குள் போய்விட்டாள். ஆனால் அவள் செய்துகொடுத்த சத்தியம் இன்னும் மேலேதான் இருக்கிறது. அதை நம்மால் முறிக்க முடியும் யூஜி. ஆகஸ்ட் எட்டாம் தேதி மாட்டேன் என்று சொல். நிர்ப்பந்தத்தில் வந்தவள் வார்த்தைப்பாடு கொடுத்தாலும் செல்லாதாம், விசாரித்துவிட்டேன். நான் ஆட்டோ எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறேன். நர்சிங் படிக்க இன்னும் வயது இருக்கிறது. மாதா என்னை எடுத்துக்கொள்வதானால் எடுத்துக்கொள்ளட்டும், நான் ஒன்றும் பெரிதாக இழந்துவிடப் போவதில்லை. அம்மா ஊர் முழுக்கப் பெருமையடித்துக்கொண்ட அந்த ஒன்றை நாம் இரண்டு பேரும் சேர்ந்து உடைப்போம்.

நேற்று இதையெல்லாம் நேரில் சொல்லத்தான் வந்தேன். உட்கார்ந்ததும் வாய் திறக்கவில்லை. இத்தனை வாரம் மூடியே பழகிவிட்டது. பிர்தௌஸ்தான் பேசினாள்.

அக்கா

*

நாச்சியாபுரம்
21 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ என்னை வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று எழுதியதைப் படித்து அழுதேன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் இந்த ஒரு வரிக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறேன். அந்தப் பதினொரு வருஷத்தில் உனக்கு இங்கே பிடித்திருக்கிறதா என்று நீ ஒரு முறைகூடக் கேட்கவில்லை அக்கா. இப்போதும் கேட்கவில்லை. மாட்டேன் என்று சொல், ஆட்டோ கொண்டுவருகிறேன் என்கிறாய். அம்மா உள்ளே தள்ளினாள். நீ வெளியே இழுக்கிறாய். இரண்டு பேருக்கும் நடுவில் நான் சாமானாகத்தான் இருக்கிறேன்.

எனக்குப் பிடித்திருக்கிறது. இதை நான் கண்டுபிடித்ததே உன்னால்தான். சொன்னால் உனக்குக் கோபம் வரும்.

அம்மாவின்மேல் உள்ள வெறுப்பில்தான் இங்கே இருக்கிறேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கொடுத்துவிட்டாள் அல்லவா, இனி நான் அவளுக்கு இல்லை என்று காட்டத்தான் இருக்கிறேன் என்று. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். தோட்டத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. குரங்கு ஒன்று காயவைத்த ஓஸ்தித் தகட்டைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி, உடைத்து உடைத்துத் தின்றிருக்கிறது. மதர் செருப்பைக் கழற்றிக்கொண்டு அதைத் துரத்தியிருக்கிறார். நான் அங்கே இல்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது. அம்மா செத்ததற்கு வராத துக்கம் அதற்கு வந்தது. பிடிக்காத இடத்தில் நடப்பதைப் பார்க்கவில்லையே என்று யாராவது அப்படித் தவிப்பார்களா? ஒவ்வொரு வாரமும் அந்த எரிச்சல் கூடிக்கொண்டே போனது. நீ என்னிடமிருந்து பிடுங்கியபோதுதான் அது என்னுடையது என்று தெரிந்தது.

உன் கடிதத்தை மதரிடம் கொடுத்தேன், நான் எழுதியதையும் சொன்னேன். அவர் என்னை ஒரு வாரம் தனியாக யோசிக்கச் சொன்னார். வாசல் சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். யோசித்தேன். ஒரு நாள் காலையில் திறந்துகொண்டு வெளியேகூடப் போனேன், பஸ் நிறுத்தம் வரைக்கும். காரைக்குடி பஸ் வந்து நின்றது. கண்டக்டர், "ஏறுறீகளா சிஸ்டர்?" என்றார். இல்லை என்றேன். அவ்வளவுதான் நடந்தது.

நேற்று ஓட்டு முடிந்தது. ஒரே ஒரு புளியங்கொட்டை விழுந்தது, மற்றதெல்லாம் மொச்சை. யார் போட்டது என்று கேட்கிற வழக்கம் இங்கே இல்லை.

அம்மா ஜெயித்துவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளாதே. அவளை மன்னித்துவிட்டேன் என்றும் எழுதமாட்டேன். எட்டாம் தேதி வா. வந்தால் பேசு.

யூஜினியா

*

கூடலூர், நீலகிரி
24 அக்டோபர் 2024

யூஜி,

முகவரியைப் பார். மாறுதல் கலந்தாய்வில் எந்த ஊர் வேண்டும் என்று கேட்டார்கள். பட்டியலில் பள்ளத்தூரிலிருந்து தூரமாக இருந்ததைக் காட்டினேன். வீட்டைப் பூட்டிவிட்டேன். இங்கே எந்நேரமும் மழை. துணி காய்வதில்லை. பிள்ளைகள் பாதிப்பேர் தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறார்கள், அவர்கள் வாயில் கேட்டால் நான் நடத்துகிற இயற்பியலே எனக்குப் புதிதாக இருக்கிறது.

ஆகஸ்ட் எட்டாம் தேதி வந்தேன். பேசவில்லை என்று குறை சொல்லாதே. கூட்டத்தில் முன்னால் வரமுடியவில்லை. பிர்தௌஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் வார்த்தைப்பாடு கொடுக்கப்போகிற மாதிரி அழுதாள். நீ கோயில் நடுவில் தரையில் குப்புற விழுந்து கிடந்தாய். மதர் உன்னைப் பார்த்து, "நீ கேட்பது என்ன?" என்றார். ஆண்டவரின் இரக்கமும் உங்கள் இரக்கமும் என்று தரையில் கிடந்தபடியே சொன்னாய். குரல் நடுங்கவில்லை. உன்மேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது. உன்னைப் பழிவாங்க இனி ஒன்றும் மிச்சமில்லை.

ஆனால் அந்தக் கேள்வி என்னோடு பஸ்ஸில் வந்தது. எனக்கு முப்பத்தைந்து வயதாகிறது. நீ கேட்பது என்ன என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. அம்மா கேட்டதில்லை, நீயும் கேட்டதில்லை. என்னை நீ குற்றம் சொன்ன அதே குற்றம்தான். அதனால் நானே கேட்டுக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்குள்ள டீச்சர்களோடு ஷட்டில் ஆடுகிறேன். மோசமாக ஆடுகிறேன். உன் ரிக்ரியேஷனை நீயே வைத்துக்கொள்.

இன்னும் ஒன்று. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் வருகிறது. பள்ளத்தூரில் இந்நேரம் எல்லாரும் கல்லறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருப்பார்கள். அன்று சாயங்காலம் சாமியார் ஒவ்வொரு கல்லறையாக நின்று மந்திரித்துக்கொண்டே வருவார். உயிரோடு இருந்தவரைக்கும் அம்மா அந்த வரிசையை எண்ணி, எவர் வீட்டுக் கல்லறையில் பூ இல்லை, எவர் பிள்ளை வரவில்லை என்று மறுநாள் தெரு முழுக்கச் சொல்வாள்.

நான் போகப்போவதில்லை. விடுமுறை இருக்கிறது, பஸ் இருக்கிறது, யாரும் என்னைத் தடுக்கவில்லை. அவள் செத்தபோது நீ எப்படிப் போகாமல் இருந்தாய் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. இதை எழுதும்போது அழுகை வருகிறது, ஆனாலும் போகமாட்டேன். உனக்கு அனுமதி கேட்டால் உன் மதர் கொடுப்பார். நீ போவதும் போகாததும் உன் இஷ்டம், நான் கேட்கமாட்டேன்.

எல்லாக் கல்லறையிலும் மெழுகுவர்த்தி எரியும்போது அவளுடையது மட்டும் இருட்டாகக் கிடக்கும். சாமியார் அங்கே நின்று சுற்றும்முற்றும் பார்ப்பார். இரண்டு பெண்களைப் பெற்றவளுக்கு ஒருத்திகூட வரவில்லையா என்று ஊர் கேட்கும். கேட்கட்டும்.

அக்கா